சாய்தளம் இருந்தும் உள்ளே வர முடியவில்லை

எங்கள் மருந்துக்கடையைப் புது இடத்துக்கு மாற்றியபோது, வாசலில் சாய்தளம் இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி. ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. குறையே இல்லை என்று நினைத்தேன்.

முதல் வாரமே பழைய வாடிக்கையாளர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். சாய்தளத்தில் தானாகவே ஏறிவிட்டார். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தேன். முன்பக்கச் சின்னச் சக்கரம் வாசற்படிக் கல்லில் முட்டி நின்றது. உடம்பு முன்னால் சாய்ந்து, கால் மிதியிலிருந்து நழுவியது. பின்னால் போய் இன்னும் இரண்டு தடவை முயன்றார். அப்புறம், "விடுங்க தம்பி, இங்கயே இருக்கேன். மாத்திரையைக் கொண்டுவந்து குடுங்க" என்றார். அவருக்கு என்ன நோய், எத்தனை மாத்திரை என்பதையெல்லாம் தெருவே கேட்க வாசலில் பேச வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் அந்த வாசற்படிக் கல்லின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். 40 மில்லிமீட்டர். கட்டடங்களுக்குள் எல்லோரும் தடையில்லாமல் வந்துபோவதற்கான மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறைப்படி 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, விளிம்பும் சரிவாக இருக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்பதில் மக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் சேரும்.

இதைக் கட்டட உரிமையாளரிடம் சொன்னேன். "சட்டம் சரி தம்பி. வாசப்படியை எடுக்கலாமா? வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கிற இடம். மழைத்தண்ணியும் உள்ள வந்துடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வழி சொன்னவர் கொத்தனார். "கல்லை ஏன் எடுக்கணும்? கீழே இறக்கிப் பதிச்சுடலாம்." கல்லைப் பெயர்த்து, அடியில் கொத்தி, தரைக்கு மேல் 10 மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி பதித்தார். இரண்டு விளிம்பையும் மெஷினால் சரித்துத் தேய்த்தார். மழைக்கு, வாசலுக்கு வெளியே குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால், மேலே இரும்பு ஜாலி. ஜாலியின் இடுக்குகள் சக்கரம் ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக வைத்தால் சின்னச் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும். முதலில் நெடுக்காகத்தான் வைத்தார்கள், கழற்றி மாற்றச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை உரிமையாளர் வீட்டம்மா வந்து, இறக்கிய கல்லிலேயே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்.

அடுத்த மாதம் அந்த வாடிக்கையாளர் கவுன்ட்டர் வரைக்கும் வந்து, சீட்டை என் கையில் கொடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். ஆனால் கதவின் ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம், உட்கார்ந்தபடி அவரால் தள்ள முடியவில்லை. அதைத் தளர்த்த ஆள் சொல்லியிருக்கிறேன்.