முச்சுழி ணகரமும் மட்டன் குழம்பும்

அக்காள் மகனுக்காக ஒரு சிறிய கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தேன். குதிப்பது, ஓடுவது, நாணயம் பொறுக்குவது எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தன. பொத்தான்களில் எழுத்து வைப்பதற்குத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் சாயல் வேண்டுமென்று, கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் 'பிரஸ் ஸ்டார்ட் 2பி'யை எடுத்தேன். நாம்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் 1980களின் விளையாட்டுகளில் வந்த எழுத்துகளைப் பின்பற்றியது அது. ஒவ்வோர் எழுத்தும் திரைப்புள்ளிகள் (பிக்சல்) எட்டுக்கு எட்டாக உள்ள கட்டத்தில் அடங்கும். அந்தக் காலத்துப் படக்குழாய்த் திரையில் ஒரு புள்ளி அகலமுள்ள செங்குத்துக் கோடு மங்கிவிடும் என்பதால், செங்குத்துக் கோடுகளை இரண்டு புள்ளி அகலத்தில் தடிமனாக வைத்திருப்பார்கள். அந்தத் தடிமனில்தான் அதன் அழகே இருக்கிறது. ஆனால் அதில் தமிழ் இல்லை. என் பொத்தானில் வெறும் கட்டங்கள்தாம் வரிசையாக நின்றன.

நாமே வரைந்துவிடலாம் என்று கட்டம் போட்ட நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 'ட', 'ப' இரண்டும் சதுரத்துக்கென்றே பிறந்தவை; ஐந்து நிமிடத்தில் முடிந்தன. முச்சுழி 'ண' வந்ததும் கணக்கு உதைத்தது. எப்படிச் சுருக்கினாலும் அதற்கு நான்கு நெடுங்கோடுகள் வேண்டும். கோட்டுக்கு இரண்டு புள்ளி, இடையில் ஒவ்வொரு புள்ளி என்றால் பதினொன்று ஆகிறது, இருப்பதோ எட்டு. ஆகவே ஒரு சுழியை வெட்டினேன். தலைக்கு மேல் இடமில்லாததால் மெய்யெழுத்துகளின் புள்ளியையும் எடுத்துவிட்டேன். ஓலைச்சுவடி எழுதியவர்களே புள்ளி வைக்காதபோது எனக்கென்ன என்று ஒரு சமாதானம். போதாக்குறைக்கு, எட்டின் மடங்காக 16 அல்லது 24 என்று வைக்க வேண்டிய எழுத்தளவை 20 என்று வைத்ததில், ஒரே எழுத்தில் ஒரு கால் பருத்தும் மறு கால் மெலிந்தும் யானைக்கால் கண்டதுபோல் நின்றது.

ஆட்டம் முடிந்ததும் தோன்றும் 'மீண்டும் ஆடு' என்ற பொத்தானை முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மீனும் ஆடும்" என்று படித்தார். "கறிக்கடைக்காரர் யாருக்காவது செய்து கொடுக்கிறாயா?" என்றும் கேட்டார்.

வேறு வழியின்றிப் பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்கு மாறினேன். நான்கு கோடும் மூன்று இடைவெளியும் தலைக்கு இரண்டு புள்ளியாகப் பதினான்கில் அடங்கின. வெட்டிய சுழி திரும்ப வந்தது. மெய்ப்புள்ளிக்கென்று உச்சியில் தனி இடமே ஒதுக்கினேன். அளவையும் ஒழுங்காக 32 என்று வைத்து, மறுநாள் காலை அம்மாவின் முன் மடிக்கணினியை நீட்டினேன். இம்முறை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் "மீண்டும் ஆடு" என்று படித்தவர், நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"மறுபடியும் ஆடா? போன ஞாயிற்றுக்கிழமைதானே எடுத்தோம்!"