பத்து சென்ட்டும் கௌரியம்மாவும்

மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அத்தை, ஓய்வு பெற்றதும் தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வாசலில் குறுகலான ஒரு திண்ணை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தும் அதில் ஒரு செங்கல்கூட அவர் பெயரில் இல்லை. அதே கேரளத்தில் மலையை விட்டிறங்கி ஆலப்புழைப் பக்கம் போனால், கூலி வேலைக்குப் போகிறவரும் தன் குடிசையைச் சுற்றியுள்ள பத்து சென்ட்டைக் காட்டி, "இது எங்களுடையது" என்று சொல்வதைக் கேட்கலாம். இரண்டு காட்சிகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே சட்டம்: கேரளத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம். அந்தச் சட்டத்தோடு சேர்த்தே நினைக்கப்படுகிறவர், அங்கே வருவாய் அமைச்சராக இருந்த கே.ஆர். கௌரியம்மா.

1919-இல் சேர்த்தலைக்கு அருகிலுள்ள பட்டணக்காட்டில், கேரளத்தின் பிற்படுத்தப்பட்ட சமூகங்களில் ஒன்றான ஈழவர்களில், ஓரளவு வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தச் சமூகத்தில் சட்டம் படித்துப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து சிறைக்குப் போனார்; காவல் நிலையங்களில் தாம் பட்டதைப் பற்றிப் பேசும்போது, லத்திக்குக் கருத்தரிக்க வைக்கும் சக்தி இருந்திருந்தால் தமக்கு எத்தனையோ லத்திக் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று சொன்னதாக மலையாளிகள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

1957 ஏப்ரல் 5-ஆம் தேதி இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையில் அவருக்கு வருவாய்த் துறை கிடைத்தது. ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, குத்தகைதாரர்களையும் குடியிருப்போரையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தாலே, அது வருவதற்குள் குடியானவனை விரட்டிவிட்டு நிலத்தைச் சொந்தச் சாகுபடியாகக் காட்டிவிடுவது நிலப்பிரபுக்களுக்குக் கைவந்த கலை. அந்த வாசலை முதலில் அடைத்துவிட்டு, அதன் பிறகே பெரிய மசோதாவை எழுத உட்கார்ந்தார்கள் என்பதில்தான் அந்த அரசின் நிர்வாகக் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

பெரிய மசோதாவின் கதை அவ்வளவு சுலபமானதாக இல்லை. 1957 டிசம்பரில் சட்டமன்றத்துக்கு வந்த விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூனில்தான் நிறைவேறியது. அடுத்த மாதக் கடைசியில் மத்திய அரசு ஆட்சியையே கலைத்துவிட்டது. பின்னர் ஒப்புதல் பெற்று வந்த சட்டத்தின் முக்கியப் பகுதிகளை 1961 இறுதியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1963-இன் சட்டம் வேறோர் ஆட்சியில் வந்தது. 1967-இல் மீண்டும் வருவாய் அமைச்சரான கௌரியம்மா அதற்குக் கொண்டுவந்த திருத்தம் 1969-இல் நிறைவேறியபோதிலும், அது 1970 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நாளில் அவர் அமைச்சராக இல்லை. குத்தகை முறை அன்றோடு ஒழிந்தது. ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, பெரு நகரத்தில் மூன்று என்று குடிகிடப்புக்காரர்கள், அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள், உரிமை பெற்றார்கள்.

இதைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வயலில் உழைத்த தலித் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது குடிசை நிற்கும் சென்ட்டுகள்தாம். வயல், குத்தகை எடுத்திருந்தவர்களுக்குப் போயிற்று. தோட்டங்களுக்கு, ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதால், அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் லயத்திலேயே நின்றுவிட்டார்கள். அத்தையின் கதை அங்கிருந்துதான் வருகிறது.

1987 தேர்தலில் கௌரியம்மாவே கேரளத்தை ஆளப்போகிறார் என்று ஊரெல்லாம் முழக்கமிட்டுத்தான் இடதுசாரிகள் வாக்குக் கேட்டார்கள். வென்ற பிறகு முதல்வரானவர் ஈ.கே. நாயனார், கௌரியம்மாவுக்குத் தொழில் துறை. பெண் என்பதும் சாதியும் அந்த முடிவில் எவ்வளவு எடை பெற்றன என்பதை அங்கே இன்னும் விவாதிக்கிறார்கள். இரண்டுக்கும் பங்கில்லை என்று நம்ப என்னால் முடியவில்லை. 1994-இல் மார்க்சிஸ்ட் கட்சி அவரை வெளியேற்றியது. ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி (ஜனநாயகப் பாதுகாப்புக் குழு) என்ற தனிக்கட்சி தொடங்கி, காலமெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணிக்குப் போய், 2001-இல் ஏ.கே. ஆண்டனி அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். அந்தத் தாவலை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 1990-களின் பிற்பகுதியில், பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலத்தை மீட்டுத்தரும் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்ய ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்தபோது, சட்டமன்றத்தில் தன்னந்தனியாக எதிர்த்தவரும் இவரே. வருவாய்த் துறையை விட்டு முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

2006-இல் அரூரில் தம் பழைய கட்சியிடமே தோற்றார். அவருடைய கணவர் டி.வி. தாமஸும் 1957 அமைச்சரவையில் இருந்தவர். இருவரும் அமைச்சர்களாக இருக்கையிலேயே மணம் செய்துகொண்டார்கள். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே நின்றார், கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். 1967-இல் அதே அமைச்சரவையில் இரண்டு கட்சிகளின் பிரதிநிதிகளாக எதிரும் புதிருமாய் அமர்ந்தார்கள். தாமஸ் 1977-இல் இறந்தார். 2021 மே 11 அன்று, நூற்றியொரு வயதில், கௌரியம்மா மறைந்தார். ஆலப்புழையில் தாமஸின் இறுதிச் சடங்கு நடந்த அதே வலிய சுடுகாட்டில்தான் அவரது உடலும் எரியூட்டப்பட்டது.