கோழிகளுக்கு மறுக்கப்பட்ட சோறு

யாழ்ப்பாணத்துச் சமையலின் அடையாளம் எதுவென்று கேட்டால், நம்மில் பெரும்பாலானோர் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைத்தான் சொல்வோம். ஆனால், அந்தத் தூளுக்கு நிறமும் உறைப்பும் கொடுக்கிற செத்தல் மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கேயரின் கப்பல்கள் ஆசியக் கரைகளுக்கு வரத் தொடங்கிய பின்னர்தான் அது நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா இலங்கைத் தீவுக்கு வந்து யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, அந்த அரசனின் அடுக்களையில் உறைப்புக்கு மிளகு இருந்திருக்கும். மிளகாய் இருந்திருக்க வழியே இல்லை. இதை அறிந்த பிறகு நம் மீன்குழம்பின் மீது எனக்குள்ள மதிப்பு கூடியது. வெளியிலிருந்து வந்த ஒரு காயைச் சில நூற்றாண்டுகளுக்குள் தமக்கே உரியதாக்கிக்கொண்ட பெண்களின் கைத்திறன் அதில் தெரிகிறது.

உணவைப் பற்றிய இத்தகைய விநோதச் செய்திகளைத் தேடிப் படிப்பது எனக்கு நெடுநாளைய விருப்பம். எல்லாச் செய்திகளும் ஒரே தரத்தவை அல்ல. தாவரவியல் வகைப்பாட்டின்படி வாழைப்பழம் ஒரு பெர்ரி, ஸ்ட்ராபெரியோ பெர்ரியே அல்ல என்பது உண்மைதான். கேட்கிற கணத்தில் வியப்பாகவும் இருக்கும். ஆயினும், அதை அறிந்ததனால் வாழைப்பழத்தை உரிக்கும் விதமோ உண்ணும் விதமோ மாறப்போவதில்லை. நாம் அன்றாடம் காரணம் கேளாமல் செய்துவரும் ஒரு காரியத்தின் காரணத்தைத் திடீரென்று வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற செய்தியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மிளகாயையே எடுத்துக்கொள்வோம். வேலியோரத்து மிளகாய்ச் செடியில் கிளியும் மைனாவும் பழங்களைச் சாவகாசமாகக் கொத்தித் தின்பதை நாம் பார்த்திருக்கிறோம். மிளகாயிலுள்ள கப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணர்த்துவதற்காக நம் நரம்புகளில் அமைந்துள்ள ஏற்பியைத் தூண்டுவதால்தான் வாய் எரிகிறது. பறவைகளிடமுள்ள அதே வகை ஏற்பி கப்சைசினுக்கு அசைவதில்லை. பாலூட்டிகள் விதையை மென்று அழித்துவிடுகின்றன, பறவைகளோ அதை முழுதாக வெளியேற்றித் தூர இடங்களில் விதைக்கின்றன. ஆகவே, செடிக்கு வேண்டியவருக்கு உறைப்பு இல்லை, வேண்டாதவருக்கு உண்டு. அந்த ஏற்பியை மிளகாயின் துணைகொண்டே கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். உறைத்த வாய்க்குத் தண்ணீர் உதவாமல் தேங்காய்ப்பால் விட்ட சொதி உதவுவது ஏன் என்பதும், இடியப்பத்துக்குச் சம்பலையும் சொதியையும் சேர்த்தே வைக்கும் வழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பதும் இதனால் விளங்குகின்றன.

நான் அறிந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பத்தாவியாவில் வளர்ந்த சில கோழிகளைப் பற்றியது. யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவர்களுடைய ஆசியத் தலைமையகமாக இருந்த பத்தாவியாவே இன்றைய ஜகார்த்தா. அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைவீரர்களையும் கைதிகளையும் பெரிபெரி என்னும் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. கால்கள் தளர்ந்து, நரம்புகள் செயலிழந்து, இறுதியில் இதயமும் நின்றுபோகும் அந்த நோய்க்கு ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். கிறிஸ்டியான் ஐக்மன் என்ற ஒல்லாந்து மருத்துவரும் அந்தக் கிருமியைத் தேடியே இராணுவ மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் கோழிகளை வளர்த்தார். 1889இல் அந்தக் கோழிகள் நிற்க முடியாமல் தள்ளாடி விழத் தொடங்கின. நோய் ஊசி ஏற்றப்பட்ட கோழிகள் மட்டுமல்லாமல், ஏற்றப்படாதவையும் விழுந்தன. சில மாதங்களின் பின் எல்லாம் தாமாகவே குணமடைந்தன.

விசாரித்தபோது தெரியவந்த காரணம் சமையலறைக்குள் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக, ஆய்வுகூட உதவியாளர் மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார். பின்னர் அங்கு வேலைக்கு வந்த புதிய சமையற்காரர், இராணுவத்துக்குரிய சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசி போடப்பட்டது, கோழிகள் பிழைத்தன. ஐக்மன் இரண்டு அரிசிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து அதை உறுதிசெய்துகொண்டார். தவிட்டில் இருந்த ஒரு பொருள் உணவில் இல்லாமற்போனதே நோய்க்குக் காரணம் என்ற சரியான விளக்கத்தை 1901இல் அவருக்குப் பின்வந்த கெரிட் கிரைன்ஸ் அளித்தார். 1926இல் அதே பத்தாவியாவில் அந்தப் பொருள், அதாவது விற்றமின் பி1, தவிட்டிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த அந்தச் சமையற்காரரை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் செய்தியைப் படித்த பின்னர்தான் நம் புழுங்கல் அரிசியின் அருமை எனக்குப் புரிந்தது. நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, பாயில் பரப்பிக் காயவைத்துப் பிறகு குற்றும்போது, தவிட்டிலுள்ள விற்றமினின் ஒரு பகுதி அவியும் வேளையிலேயே அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தவிடு நீங்கிய பின்னும் சத்து முழுவதும் போய்விடுவதில்லை. ஆசியாவின் பல பகுதிகளில் ஆலைகள் தீட்டிய பச்சையரிசி பெரிபெரியைப் பரப்பிய காலத்தில், புழுங்கல் அரிசி உண்டவர்களை அந்த நோய் மிகக் குறைவாகவே தொட்டது. முற்றத்தில் நெல் அவித்த நம் முன்னோர்கள் விற்றமினை அறியாதவர்கள். ஆனாலும் அவர்களுடைய அடுப்பு அந்த வேலையைச் செய்தது.

பனங்கட்டியின் பின்னாலும் இதைப் போன்ற ஒரு நுட்பம் இருக்கிறது. பாளையிலிருந்து வடியும் சாற்றை வெறும் முட்டியில் பிடித்தால் சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் சாறு காரத்தன்மை பெறுகிறது. நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடுகின்றன, சர்க்கரையும் சிதைவதில்லை. குட்டான் என்னும் சிறு ஓலைப்பெட்டியில் வரும் பனங்கட்டி இறுகி நிற்பதற்கும், தவறணை என்னும் கள்ளுக்கடையில் கள் நுரைத்து நிற்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு மட்டுமே. சீவல் தொழிலாளர்களின் இந்த அறிவை நம் பாடப்புத்தகங்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையான மனக்குறை.

செய்தி விநோதமாக இருப்பதனாலேயே அதை நம்பிவிடவும் கூடாது. ஒரேஞ் அரச குடும்பத்தைப் பெருமைப்படுத்தவே ஒல்லாந்து விவசாயிகள் செம்மஞ்சள் கரட்டை உருவாக்கினார்கள் என்ற கதை எங்கும் சொல்லப்படுகிறது. அதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. நம் வீடுகளிலும் பாதி உண்மையான செய்திகள் உண்டு. மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு உண்ணும் மாலைகளில், "இண்டைக்கு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிடாதை பிள்ளை" என்று அம்மம்மா தவறாமல் எச்சரிப்பார். மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சாகும் என்ற அவருடைய பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் உள்ளது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் கிழங்கிலேயே இருக்கும் நொதியம் அதோடு சேர, ஐதரசன் சயனைட்டு என்னும் நஞ்சு உண்டாகிறது. அது எளிதில் ஆவியாகக்கூடியது, நீரிலும் கரையக்கூடியது. ஆகவே, இஞ்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஞ்சின் மூலம் கிழங்குக்குள்தான் இருக்கிறது. அம்மம்மாவின் மற்ற வழக்கமான, தோலைத் தடிப்பாக உரித்து, நிறையத் தண்ணீர் விட்டு, பானையை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்து ஊற்றும் முறையே எங்களைக் காத்தது. இஞ்சியை விலக்குவோர் விலக்கட்டும். பானையை மட்டும் மூடிவிடாதீர்கள், வடித்த தண்ணீரைக் குழம்புக்கும் எடுக்காதீர்கள்.