பயிர்ச்சேதக் கணக்கிலிருந்து தொடங்கிய காட்டுப் பாதுகாப்பு

வெப்பமண்டலக் காட்டுச் சரணாலயம் ஒன்றின் நிர்வாகத்தை ஏற்பவர் கையில் முதலில் வந்து சேர்வது ஒரு வரைபடமும் மேலாண்மைத் திட்டமும்தான். விலங்குகளின் பட்டியல், தீத்தடுப்புக் கோடுகளின் நீளம், காவலர் பணியிடங்கள் என எல்லாம் அதில் விரிவாக இருக்கும். எல்லையை ஒட்டி உழுது பிழைக்கும் குடும்பங்களைப் பற்றியோ ஒரே ஒரு பத்திதான் இருக்கும், அதுவும் ‘அச்சுறுத்தல்கள்’ என்ற தலைப்பின்கீழ். நான் பொறுப்பேற்ற சரணாலயத்திலும் அப்படித்தான். அந்தப் பத்தியை அங்கிருந்து பெயர்த்துத் திட்டத்தின் நடுவில் வைப்பதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அது நடந்த விதத்தை, இதே பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு முன்பிருந்தே ஆண்டுதோறும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடந்துவந்தன. படங்கள் காட்டப்படும், காட்டின் அருமை விளக்கப்படும், கூட்டம் முடிவதற்குள் யாராவது எழுந்து, “உங்கள் பன்றி தின்ற கிழங்குக்கு என்ன பதில்?” என்று கேட்பார். இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே அதற்கு வழக்கமான பதில். விண்ணப்பம் பல மேசைகளைக் கடந்து பணமாகத் திரும்புவதற்குள் அடுத்த விளைச்சலும் பன்றிக்குப் போயிருக்கும். காட்டின் மேன்மையைப் பற்றி இன்னொரு கூட்டம் போடுவதைவிட, இந்த ஒரு கேள்விக்கு நாணயமான பதில் சொல்வதே முதல் வேலை என்று முடிவு செய்தோம்.

அதற்காக, சேதத்தை நேரில் பார்த்து உறுதி செய்யும் குழு ஒன்றை அமைத்தோம். அதில் எங்கள் காவலர் ஒருவரும், விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் ஒருவரும் இருப்பார்கள். சேதமடைந்தவரின் உறவினராக அவர் இருக்கக் கூடாது. தகவல் வந்தால் விடியற்காலையிலேயே, தடம் காய்ந்து உதிர்வதற்குள், வயலுக்குப் போய்விட வேண்டும். காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கிளறி, வரிசை வரிசையாகப் புரட்டிப்போட்டு, பிளந்த குளம்புத் தடத்தை விட்டுச் செல்லும். முள்ளம்பன்றியோ தண்டின் அடியைக் கடித்துச் சாய்க்கும். கடித்த இடத்தில் முன்பற்களின் இணைக்கோடுகள் தெளிவாகத் தெரியும். குரங்கு தின்பதைவிடக் கடித்து எறிவதே அதிகம். இவற்றைப் பிரித்தறியும் கலை எங்கள் காவலர்களைவிட விவசாயிகளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. பொய்யான கோரிக்கையை மறுத்த சந்தர்ப்பங்களிலும் முதலில் மறுத்தவர்கள் அவர்களே. அளவெடுத்து, வயலிலேயே இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உரியவரிடம் கொடுத்துவிடுவோம். இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிதியிலிருந்து, அடுத்த விதைப்புக்கு முன்பாகப் பணம் போய்ச் சேரும். தொகை முழு இழப்பையும் ஈடுகட்டியதே இல்லை. ஆனாலும் குறைந்த தொகை உரிய காலத்தில் கிடைப்பதற்கும், நிறைந்த தொகை காலம் தவறிக் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சேதப் பதிவேடு பணம் கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதான். காட்டைப் பற்றியே அது பேசத் தொடங்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குரங்குகளும் பழந்தின்னிப் பறவைகளும் வயலுக்கு வருவது ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியிருக்காமல், காட்டில் பழம் அற்றுப்போகும் பருவத்தில் குவிந்திருந்தது. வெப்பமண்டலக் காடு எப்போதும் பழுத்துக் குலுங்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நம்பிக்கை; அங்கும் பஞ்ச மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் விலங்குகளைத் தாங்குபவை பெரும்பாலும் அத்தி இனத்து மரங்கள். பெரு நாட்டின் மனு தேசியப் பூங்காவில் நீண்ட காலம் ஆய்வு செய்த ஜான் டெர்பர்க், 1986இல் வெளியிட்ட ஆய்விலேயே இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். பொதுவாக ஒவ்வோர் அத்தி இனமும் மகரந்தச் சேர்க்கைக்குத் தனக்கே உரிய குளவியை நம்பியிருக்கிறது. அந்தக் குளவியோ சில நாட்களே வாழ்வது. எனவே, எல்லா மரங்களும் ஒரே மாதத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால் குளவி அழிந்துபோகும். மரங்கள் முறை மாற்றி முறை மாற்றிக் காய்ப்பதால், காட்டில் எங்காவது ஓர் அத்தி பழுத்தபடியே இருக்கிறது.

எங்கள் சரணாலயத்தின் எல்லைப் பகுதியில் பழைய வெட்டுதலால் அத்தி மரங்கள் மிகவும் குறைந்திருந்தன. ஆகவே நாற்றங்காலில் அவற்றுக்கு முதலிடம் கொடுத்தோம். கடுகைவிடச் சிறிய அத்தி விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவிவிட்டு, பூவாளியால் ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் விதைத் தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். நாற்றங்காலை நடத்தியவர்கள் எல்லைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். கூலி, வேலை நேரம், யாரைச் சேர்ப்பது என்பவற்றை அவர்களே முடிவு செய்தார்கள். நடவுக்கு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவாகி, 1994இல் தொடங்கப்பட்ட தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகக் காடு மீட்பு ஆய்வுப் பிரிவு வளர்த்தெடுத்த முறையைப் பின்பற்றினோம். வேகமாக வளர்ந்து களையை நிழலால் அடக்கக்கூடிய, பறவைகளையும் வௌவால்களையும் வரவழைக்கும் மண்ணின் மரங்களில் இருபது முப்பது இனங்களை நெருக்கமாக நட்டுவிட்டால், மீதி விதைகளை அந்த விருந்தாளிகளே கொண்டுவந்து சேர்க்கும் என்பது அதன் அடிப்படை. முதல் இரண்டு மழைக்காலங்களில் களையெடுப்பைத் தவறவிட்டால் நட்டதெல்லாம் வீண். நன்கொடையாளர்கள் நடவு விழாவுக்குத் தரும் பணத்தில் சிறு பங்கைக்கூடக் களையெடுப்புக்குத் தர முன்வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நெருப்பு விஷயத்தில் வந்த மாற்றம் இதைவிட விரைவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டேயில் சூழலியலாளர் டேனியல் ஜான்சென்னும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் வறள் வெப்பமண்டலக் காட்டை மீட்கத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட ஹராகுவா புல்லில் ஆண்டுதோறும் பற்றும் தீயே முதல் எதிரியாக இருந்தது. அதை அடக்கியவர்கள் அந்தப் பகுதியிலிருந்தே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். எங்களுக்கும் புல்லில் பற்றும் தீதான் தொல்லை. புகையை முதலில் பார்ப்பவர் எப்போதும் எல்லையில் வயல் வைத்திருப்பவர்தான். முன்பெல்லாம் அவர் பார்த்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். சேத நிதி நடைமுறைக்கு வந்த பிறகு தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின.

தானியங்கி கேமராக்களால் ஒரு சிக்கலும் எழுந்தது. விலங்குகளுக்காக முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டப்படும் இந்தக் கருவிகளுக்குள் எறும்பு கூடு வைக்கும், ஈரம் புகும், ஆடும் இலை ஒன்றே நூற்றுக்கணக்கான வெற்றுப் படங்களை எடுக்கவைக்கும், இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. விறகு பொறுக்க வந்த பெண்கள் படத்தில் விழுந்ததுதான் உண்மையான பிரச்சினை. தங்களை உளவு பார்க்கிறார்கள் என்ற பேச்சு பரவினால் பல ஆண்டுப் பழக்கம் ஒரே வாரத்தில் முறிந்துவிடும். மனிதர் விழுந்த படங்களை யாருக்கும் காட்டாமல் அழித்துவிடுவது, கேமரா உள்ள பாதைகளை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக்குழுவில் விதி எழுதினோம். வேட்டைக்காரர்களைப் பிடிக்கும் வாய்ப்பு இதனால் குறையும் என்று காவலர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானதே. எனினும் சுருக்குக் கம்பிகள் இருக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களே தவிர, கேமராக்கள் அல்ல.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது எழுத்துப்பூர்வமான உடன்பாடு. பெலிஸ் நாட்டில் 1985இல் நில உரிமையாளர்கள், ஊளைக்குரங்குகளுக்காக ஆற்றங்கரையிலும் வயல் ஓரத்திலும் மரங்கள் நிறைந்த நிலக்கீற்றுகளை வெட்டாமல் விட்டுவைப்பதாகத் தாமாக முன்வந்து உறுதிமொழி அளித்தனர். சட்டக் கட்டாயம் எதுவும் இல்லாத அந்த மாதிரியை முன்வைத்துப் பேசத் தொடங்கினோம். கையெழுத்திட்டால் நிலம் போய்விடும் என்ற அச்சம் ஒவ்வொரு கூட்டத்திலும் வேறு வேறு உருவத்தில் வந்தது. நில உரிமை மாறாது, முன்னறிவிப்புக் கொடுத்து யாரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியவருக்குச் சேத நிதி மறுக்கப்படாது என்று மூன்று நிபந்தனைகளைச் சேர்த்து, முழு வாசகத்தையும் சபையில் உரக்கப் படித்த பிறகே சிலர் கையெழுத்திட்டார்கள். கடைசி நிபந்தனையை எடுத்துவிடும்படி எங்கள் தரப்பிலேயே அழுத்தம் வந்தது. எடுத்திருந்தால் அது உறுதிமொழியாக இல்லாமல் பேரமாகிவிடும் என்பது என் கருத்து. ஓடைக்கரையின் முக்கியமான வளைவில் நிலம் வைத்திருக்கும் இரு குடும்பங்கள் இன்றுவரை சேரவில்லை. வரைபடத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது.

இப்போது பேச்சு வேறொரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரீல் உலகப் பல்லுயிர்ச் சட்டகம் என்ற பன்னாட்டு உடன்பாடு, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பின்கீழ் கொண்டுவரும் இலக்கை வைத்திருக்கிறது. சரணாலயமாக அறிவிக்கப்படாமலேயே பல்லுயிரைக் காக்கும் பிற நிலங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க அது இடம் தருகிறது. எங்கள் விவசாயிகள் விட்டுவைத்த மரங்கள் நிறைந்த நிலக்கீற்றுகளையும் அவ்வாறு பதிவு செய்யலாம் என்று யோசனை வந்தபோது, பதிவு செய்தபின் விலகும் உரிமை எஞ்சியிருக்குமா என்று கூட்டுக்குழுவினர் கேட்டார்கள். அதற்கு எழுத்தில் பதில் வரும்வரை எந்த நிலமும் பதிவுக்கு அனுப்பப்படாது என்று தீர்மானித்திருக்கிறோம். இடைக்காலத்தில் பழைய உடன்பாடே ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்து சேதக் கணக்கு தீர்க்கப்படும் கூட்டத்தில் புதுப்பிக்கப்படுகிறது.