பெயருக்குக் கட்டம் இல்லாத படிவம்

லண்டனில் ஓவியக் கல்லூரி நூலகம் ஒன்றில், பைண்டு செய்த பழைய ஃபேஷன் இதழ்களை ஸ்கேன் செய்து விவரம் பதிவது சில காலம் என் வேலையாக இருந்தது. புகைப்படக்காரர், ஆடை வடிவமைப்பாளர், ஆண்டு ஆகியவற்றைப் படிவம் கேட்கும். ஆடையை அணிந்திருக்கும் பெண்ணின் பெயருக்குக் கட்டம் கிடையாது.

1947 இதழ்களில் அதிக நேரம் தங்கிவிடுவேன். அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் தம் முதல் தொகுப்பைக் காட்டினார். ஒரே பாவாடைக்கு மீட்டர் மீட்டராகத் துணி. பிரான்சில் அப்போது ரொட்டிக்கே ரேஷன். பிரிட்டனில் 1949 மார்ச் வரை துணிக்குக் கூப்பன். ஆனால் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடானின் படங்களில் வரும் பாரிஸில் பற்றாக்குறை என்பதே தெரியாது. பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் லெபிக் தெருவில் டியோர் உடையோடு படமெடுக்கப்போன மாடலை அங்கிருந்த பெண்கள் சூழ்ந்து உடையைக் கிழித்தார்கள். அந்தப் படங்களும் இருக்கின்றன. ஃபேஷன் படம் சமூகத்தின் கண்ணாடி என்று சொல்வதை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். 1947இல் அது காட்டியது பசியை. வயிற்றுப் பசி மட்டுமல்ல.

1955இல் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றின் யானைகளுக்கு நடுவே டியோர் உடையில் நிற்கும் மாடல் டொவிமாவை அரசகுலப் பெண் என்றே நினைக்கத் தோன்றும். அவர் நியூயார்க் போலீஸ்காரரின் மகள். டோரதி, வர்ஜீனியா, மார்கரெட் என்ற தம் மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய பெயர் அது. 'குறிப்பு' என்ற கட்டத்தில் இத்தகைய விவரங்களை எழுதத் தொடங்கினேன். மேற்பார்வையாளர் தடுக்கவில்லை; தேடலில் அந்தக் கட்டம் வராது என்பது அவருக்குத் தெரியும்.

அறுபதுகளை நெருங்கும்போது படங்கள் ஸ்டுடியோவை விட்டுத் தெருவுக்கு வருகின்றன. கிழக்கு லண்டன் தையல் தொழிலாளியின் மகனான டேவிட் பெய்லி, 1962இல் ஜீன் ஷ்ரிம்ப்டனை நியூயார்க் தெருக்களில் நிற்கவைத்துப் படமெடுத்தார். இனி மாடலின் பெயரும் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் யாருடைய பெயர்? ஷாங்காயில் பிறந்த மாடல் சைனா மச்சாடோவின் படங்களை 1959இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழ் வெளியிட்டதே, அந்த இதழுடனான தன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டேன் என்று அவெடான் மிரட்டிய பிறகுதான் என மச்சாடோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966 மார்ச்சில் டோன்யேல் லூனா பிரிட்டிஷ் 'வோக்' இதழின் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். முகத்தின் பாதியை அவர் கையே மறைத்திருக்கும். அமெரிக்க 'வோக்' அட்டைக்கு முதல் கறுப்பினப் பெண்ணாக பெவர்லி ஜான்சன் வர 1974 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதற்குள் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கியும் விட்டிருந்தது.