சுருள் கை வினாவும் ஒரே ஒரு பெருக்கலும்: வானியல் ஒலிம்பியாட், இரண்டாம் முறை

பெறுபேறு வந்து நான்கு நாள் ஆகிறது. பட்டியலில் இந்த முறை என் பெயர் இருக்கிறது, போன வருடம் இல்லை. வானியல் ஒலிம்பியாட் எழுதப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு, அதிலும் நம் மலையகத்திலிருந்து எழுதப் போகிறவர்களுக்கு, சூடு ஆறுமுன் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வினாத்தாள் எப்படி வரும், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கெப்ளருக்கும் ஒளிப்பொலிவுக்கும் கடந்தகால வினாத்தாள்களைச் செய்தாலே போதும். எனக்குச் சொல்ல இருப்பது சுருள் கலக்ஸி வினாவைப் பற்றித்தான். போன வருடம் என்னைக் கவிழ்த்தது அது.

சுருள் கலக்ஸியில் விண்மீன்கள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன, மையத்திலிருந்து சுருண்டு விரிகிற அதன் கைகள் ஏன் நீலமாகத் தெரிகின்றன என்பதுதான் கேள்வி. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கைகளில் விண்மீன்கள் இருக்கின்றன, இடையில் வெற்றிடம், கைகள் தீபாவளிச் சக்கரம் மாதிரி அப்படியே சுற்றுகின்றன என்று. அழகான கையெழுத்து, முழுக்கப் பிழை. கைகளுக்கு நடுவிலும் விண்மீன்கள் ஏராளம். வயதான விண்மீன்கள் தட்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. கைகளில் கூடுதலாக இருப்பது வாயுவும் தூசும், அண்மையில் பிறந்த பிரகாசமான சிலதும்தான். பிரகாசமானதைப் பார்த்துவிட்டு அங்கேதான் எல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் பாடசாலையில் இரண்டு வருடம் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. அம்மா கொழுந்து பறித்த காசில் மூன்று மாதம் ஒன்லைன் வகுப்பு ஒன்றுக்குக் கட்டினோம். அங்கே ஸ்லைடை வாசித்தார்கள். சரி, விடுங்கள்.

இனி நான் எல்லோரிடமும் பிடித்துவைத்துச் சொல்கிற விஷயம். செக்கனுக்கு 1 கிலோமீற்றர் வேகத்தில் போகிற எதுவும் 1 மில்லியன் ஆண்டில் ஏறக்குறைய 1 பார்செக், அதாவது சுமார் 3.26 ஒளியாண்டு, போகும். சரியாகச் சொன்னால் 1.02 பார்செக். அந்த 0.02-ஐ மறந்துவிடுங்கள். இதை இஸ்தோப்புச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் கரியால் எழுதி வைத்தேன், தாத்தாவிடம் ஏச்சும் வாங்கினேன். எனக்கு மனப்பாடம் வராது, பெருக்கல் வரும். உங்களுக்கு மனப்பாடம் வருமென்றால் இந்தக் கட்டுரை அவ்வளவு உதவாது.

பெருக்கிப் பாருங்கள். சூரியன் பால்வீதி மையத்திலிருந்து சுமார் 8,000 பார்செக் தூரத்தில் செக்கனுக்கு 230 கிலோமீற்றர் அளவில் சுற்றுகிறது. சுற்றளவு ஏறத்தாழ 50,000 பார்செக். 230 ஆல் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 220 மில்லியன் ஆண்டு. பாதித் தூரத்தில், 4,000 பார்செக்கில் இருக்கிற விண்மீனும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. வானியலாளர் வேரா ரூபின் 1970களில் கலக்ஸி கலக்ஸியாக அளந்து காட்டிய தட்டையான சுழற்சி வளைகோடு அதுதான். அப்படியென்றால் உள்ளே இருப்பது 110 மில்லியன் ஆண்டில் ஒரு சுற்று முடித்துவிடும். 10,000 மில்லியன் ஆண்டில் வெளியே 45 சுற்று, உள்ளே 90. கை என்பது ஒரே விண்மீன்களால் ஆன கயிறாக இருந்தால் இந்நேரம் நாற்பத்தைந்து தடவை சுருண்டு நூல்கண்டாகியிருக்கும். படங்களில் நாம் பார்ப்பதோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு சுற்று. அதனால்தான் 1964-இல் லின், ஷூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் கையை அடர்த்தி அலை என்றார்கள். பொருள் உள்ளே வரும், வெளியே போகும், நெரிசல் மட்டும் நிற்கும்.

இதற்கு எல்லாப் புத்தகத்திலும் வாகன நெரிசல் உதாரணம்தான். எனக்கு அது ஒட்டவேயில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து சிவனொளிபாத மலையைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். உச்சியில் முகில் தொப்பி மாதிரி நாள் முழுக்க நகராமல் நிற்கும். காற்றோ பிய்த்துக்கொண்டு அடிக்கும். காற்று நிற்கவில்லை. மேற்கேயிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து முகிலாகி வட்டவளைப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, ஊவாப் பக்கம் காய்ந்துபோய் இறங்குகிறது. முகில் ஒன்றுதான், அதற்குள் இருக்கிற காற்று நிமிடத்துக்கு நிமிடம் வேறு. கையும் அப்படித்தான். வாயு வந்து நுழைகிற ஓரத்தில் அமுங்குகிறது, அங்கே கருந்தூசுப் பட்டை. கொஞ்சம் தள்ளிச் சிவப்பாக, 656.3 நனோமீற்றரில் ஒளிர்கிற ஐதரசன் முகில்கள். அதற்கும் அப்பால் நீலக் கொத்துகள். இந்த வரிசையைப் போன வருடம் தலைகீழாக வரைந்தேன். உட்பகுதியில் வாயு அலையை முந்திக்கொண்டு ஓடுவதால் கையின் உட்குழிவுப் பக்கமாகத்தான் நுழையும், அதனால் தூசுப் பட்டையும் அந்தப் பக்கம்தான்.

நீல நிறத்துக்கும் அதே பெருக்கல். அலையை விட வாயு செக்கனுக்கு 30 கிலோமீற்றர் கூடுதல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கைகளுக்கு நீலத்தைக் கொடுப்பவை ஓ, பீ வகை என்கிற, மிகச் சூடான, பெரிய, நீல விண்மீன்கள். 40 சூரியத் திணிவுள்ள ஓ வகை விண்மீன் ஏறக்குறைய 5 மில்லியன் ஆண்டுதான் வாழும். 30 தர 5, 150 பார்செக். கையின் அகலமே நூற்றுக்கணக்கான பார்செக் என்பதால் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டுமுன் செத்துவிடும். கார்த்திகைக் கொத்துக்கு வயது சுமார் 100 மில்லியன், அதே கணக்கில் 3,000 பார்செக். சூரியனுக்கு 4,600 மில்லியன், அது எந்தக் கையில் பிறந்தது என்று கேட்பதில் அர்த்தமேயில்லை. 1951-இல் வானியலாளர் மோர்கன் குழுவினர் ஓ, பீ வகை விண்மீன்களை வைத்தே பால்வீதியின் கைகளை வரைந்தது ஏன் என்பதும் இதில் வந்துவிடும்.

“எப்படி” என்ற பகுதியில் ஜீன்ஸ் திணிவை, அதாவது வாயு முகில் தன் பாரத்திலேயே சுருங்கத் தேவையான குறைந்தபட்சத் திணிவை, எழுதாமல் வெளியே வராதீர்கள். வெப்பநிலை மாறாமல் அடர்த்தி நான்கு மடங்கானால் ஜீன்ஸ் திணிவு பாதியாகும், சின்னத் துண்டும் தன் பாரத்தில் சுருங்கத் தொடங்கும். விண்மீன்கள் பிறக்கிற குளிர்ந்த மூலக்கூற்று முகிலின் வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின். அமுங்கினால் சூடாகும், அந்தச் சூட்டை வெளியே விட வழியில்லாவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது, அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பால்வீதியில் மூலக்கூற்று வாயு சுமார் 1,000 மில்லியன் சூரியத் திணிவு. கன சென்ரிமீற்றருக்கு 100 மூலக்கூறு என்றால் சும்மா விழுந்து சுருங்க 3 மில்லியன் ஆண்டு போதும். பிரித்தால் வருடத்துக்கு 300 சூரியன்கள் பிறக்க வேண்டும். உண்மையில் பிறப்பது ஒன்று அல்லது இரண்டு. உள்ளே இருக்கிற கொந்தளிப்பு, காந்தப்புலம், பிறந்த பெரிய விண்மீன்களே காற்றாலும் கதிராலும் தம் முகிலை உடைத்துவிடுவது, எல்லாம் சேர்ந்து தடுக்கின்றன. ஒரு முகிலில் சில சதவீதம்தான் விண்மீனாகிறது.

அவசரமாகச் சில:

- என்.ஜி.சி 4414 போலக் கை துண்டு துண்டாக உள்ள கலக்ஸிகளிலும் விண்மீன்கள் தாராளமாகப் பிறக்கின்றன. “அலை இல்லாவிட்டால் பிறப்பில்லை” என்று எழுதினால் வெட்டுவார்கள். கையின் முக்கிய வேலை வாயுவைத் திரட்டிக் கொடுப்பது.
- படம் வரைந்தால் சுழற்சித் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். அநேகமான கைகள் பின்னால் இழுபடும்.
- தை மாதம் இரவு பத்து மணியளவில் ஓரையன் விண்மீன் கூட்டம் நமக்கு ஏறக்குறைய உச்சியில். அதிலுள்ள திருவாதிரைக்குத் தெற்கே, ஓரையனின் வாளில் மங்கலாகத் தெரிவது 1,300 ஒளியாண்டு தூரத்தில் இப்போதும் விண்மீன்கள் பிறக்கிற இடம். வெறுங்கண்ணே போதும், பனிமூட்டம் விட்டால். ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போங்கள்.
- இரவு விழிக்காதீர்கள். நான் அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போக, எழும்புகிற நேரத்தில் எழும்பிப் படித்தேன். எனக்குச் சரிவந்தது.

இந்த வருடம் எம் 51 என்ற சுருள் கலக்ஸியின் படத்தைக் கொடுத்து, வாயு எந்தப் பக்கமிருந்து கைக்குள் நுழைகிறது என்று கேட்டிருந்தார்கள். தூசுப் பட்டையைப் பார்த்தேன், அம்புக்குறி போட்டேன், பக்கத்தில் பெருக்கலை எழுதினேன். சிரிப்பே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த பகுதியில் மூலக்கூற்று முகிலை 21 சென்ரிமீற்றர் அலையால் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அது அணு ஐதரசனுக்கு. குளிர்ந்த மூலக்கூற்று ஐதரசன் தன்னைக் காட்டிக்கொடுக்காது, அதோடு கலந்திருக்கிற காபனோரொட்சைட்டின் 2.6 மில்லிமீற்றர் அலையைத்தான் தேட வேண்டும். பஸ் கினிகத்தேனை வளைவில் திரும்பும்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடமும் இதே பிழையைத்தான் விட்டிருந்தேன்.