அம்மாவுக்குப் போட்ட நாலு கட்டம்

நர்சிங் படிச்ச காலத்துல அனாட்டமின்னா ஒரு தனி மரியாதை, 206 எலும்பையும் பேர் சொல்லி ஒப்பிச்சா வீட்டுல பாதி டாக்டர்னே முடிவு பண்ணிடுவாங்க. ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜியும் அப்படித்தான், வார்டுல கால் வெச்ச முதல் நாளே கைகொடுத்துச்சு. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துட்டு இப்ப சிங்கப்பூர்ல பகுதி நேரமா பப்ளிக் ஹெல்த் படிக்கிறேன், இதுக்கு அஸ்திவாரமே எபிடெமியாலஜியும் (நோய் யாருக்கு, எங்க, ஏன் வருதுன்னு பார்க்கிற படிப்பு) பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் (அதுக்கான புள்ளிவிவரக் கணக்கு)தான். நைட் ஷிஃப்ட் முடிச்சு எம்ஆர்டி ரயில்ல கண்ணு சொக்க அந்த நோட்ஸைப் பிரிக்கும்போதெல்லாம், நோயாளி முகமே இல்லாத இந்தப் பாடம் எதுக்குன்னு நிஜமாவே மனசு விட்டுப்போச்சு.

1854ல லண்டன்ல காலரா வந்தப்ப ஜான் ஸ்னோங்கிற டாக்டர் வீடு வீடா விசாரிச்சு, செத்தவங்களை மேப்புல குறிச்சு, ஒரு தெருப் பம்புதான் காரணம்னு காட்டி அதோட கைப்பிடியைக் கழட்ட வெச்சார்னு வகுப்புல சொன்னாங்க. ராபர்ட் கோக்ங்கிற ஜெர்மன் டாக்டர் கொல்கத்தாவுல அந்தக் காலராக் கிருமியைத் தனியா பிரிச்சுக் காட்டினது 1884ல! முப்பது வருஷம் முன்னாடி வெறும் எண்ணிப் பார்த்தே ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார். அப்பவும் அது எனக்கு வரலாறாத்தான் இருந்துச்சு.

போன மாசம்தான் உறைச்சுது. இங்கயே ஈசூன்ல இருக்கிற அம்மா மேமோகிராம் (மார்பகப் புற்றுநோய் இருக்கான்னு பார்க்கிற எக்ஸ்ரே) எடுத்துட்டு வந்தாங்க, பத்தாம் நாள் "மறுபடி வாங்க, இன்னும் படம் எடுக்கணும்"னு போன். வேற ஒரு வார்த்தை சொல்லலை, அது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான். நான் போறதுக்குள்ள அம்மா ஜொகூர்ல இருக்கிற சித்திகிட்ட அழுது முடிச்சு, சாப்பிடாம சாமி விளக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க.

டெய்லி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் அந்த நோட்ஸ்ல இருக்கிற மாதிரியே நாலு கட்டம் போட்டேன். "ஜாதகமாடி?"ன்னாங்க. இல்லம்மா, ஆயிரம் பொம்பளைங்க டெஸ்ட்டுக்கு வர்றாங்க, அதுல பத்து பேருக்கு நிஜமாவே புற்றுநோய் இருக்குன்னு வெச்சுக்கோ, டெஸ்ட் நூத்துக்குத் தொண்ணூறு சரியா சொல்லும்னும் வெச்சுக்கோ, அப்ப பத்துல ஒம்பது பேரைப் பிடிச்சிடும், ஆனா நோயே இல்லாத 990 பேர்ல 99 பேரையும் சேர்த்துக் கூப்பிடும். மொத்தம் 108 பேருக்குப் போன் போகும், நோய் இருக்கிறது ஒம்பது பேருக்குத்தான், அதாவது பன்னிரண்டுல ஒருத்தருக்கு. கணக்கு சுலபமா வரட்டும்னு நான் எடுத்த எண்கள்தான் இது, ஆனா சங்கதி அதேதான்.

சிங்கப்பூர்ல 50 வயசுக்கு மேல ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மேமோகிராம் எடுக்கச் சொல்றதுக்கும் இந்தக் கட்டத்துலயே பதில் இருக்கு. நோய் ரொம்ப அபூர்வமா இருக்கிற சின்ன வயசுல எல்லாருக்கும் எடுத்தா அந்த ஒம்பது சுருங்கிடும், 99 பெருசா அப்படியே நிக்கும், வீணா பயந்தவங்கதான் மிஞ்சுவாங்க.

ஃபார்முலாவை போர்டுல எழுதறதுக்கு முன்னாடி இப்படி ஒரு அம்மாவை உட்கார வெச்சு சொல்லிக்கொடுத்திருந்தா முதல் வாரமே எனக்குப் புரிஞ்சிருக்கும். நர்சிங்லயும் இதை அனாட்டமிக்குப் பக்கத்துலயே வைக்கணும், ஏன்னா அந்தப் போனைப் பண்றது நாமதானே.

அம்மா தாளையே ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்ப அந்த ஒம்பது பேர்ல நான் இருக்கேனான்னு பார்க்கத்தான் கூப்பிடுறாங்க, இல்ல?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். எழுந்து போய் சோறு போட்டுக்கிட்டாங்க. அடுத்த வாரம் ஸ்கேன்ல அது வெறும் நீர்க்கட்டின்னு தெரிஞ்சுது.